முப்பத்தைந்து ரூபாய்ப் பொய்

செல்விக் கண்ணு,

நேற்று பூத்திலிருந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தபோது எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு கண் ஓடுகிற சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு காது உன் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் வைக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைப் பூத்தில் நின்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குக் கன்னடம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது என்று தெரியும், எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, முடி காயும்வரை உட்கார்ந்து மெதுவாகப் படி. உன் அப்பா, ஒரு பக்கத்துக்குள் முடி என்கிறார். அவர் பேச்சை நான் எந்தக் காலத்தில் கேட்டேன்?

உன் கேள்வியை நான் புரிந்துகொண்டது சரியா பார். உன் கம்பெனி உன்னைக் கான்ட்ராக்டில் எடுத்து, இன்னொரு பெரிய ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியிருக்கிறது. அந்த ஆபீஸ் உனக்காகக் கம்பெனிக்கு ஒரு தொகை கொடுக்கிறது, கம்பெனி அதில் ஒரு பங்கை உனக்குச் சம்பளமாகக் கொடுக்கிறது. சேரும்போதே, வேலை செய்யப் போகிற இடத்தில் உன் சம்பளத்தைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த ஆபீஸின் மேடம் காபி குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து, உன் கம்பெனி உனக்கு என்னதான் கொடுக்கிறது என்று கேட்டுவிட்டார். நீ சிரித்து மழுப்பிவிட்டாய். திரும்பவும் கேட்டால் உண்மையைச் சொல்வதா, கூட்டிச் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்பது உன் குழப்பம். கண்ணு, இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்தது இல்லை. இங்கே மைசூர் விஜயநகரில் ஒரு மணல் குவியலின் மேல் நின்றுகொண்டு, பதினான்கு பெண்களுக்கு நடுவில், உன் அம்மா இதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நீ ஸ்கூலில் இருந்தாய். வீட்டுக்கு வந்ததும், ஏன் எல்லோரும் நனைந்து போயிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாய்.

நான் கட்டட வேலையில் கலவைச் சட்டி தூக்குவதை விட்டு, ஆள் வைத்து வேலை எடுக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம் அது. நம் ஊர் ராமாபுரத்துப் பக்கமிருந்து வந்த ஜனங்கள்தான் என் ஆட்கள். ஒரு பெண்பிள்ளை லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறாள் என்றால் மைசூரில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் ரேட்டைக் குறைத்துக் கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சேஷாத்ரி சார் வந்தார். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய அப்பா காலத்திலேயே உத்தியோகத்துக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம். விஜயநகரில் சைட் வாங்கிப் பத்து வருஷம் காலியாக வைத்திருந்து, ரிடையரான பணத்தில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். அவரும் அவர் மனைவி ஜயா அம்மாவும் தினம் காலையில் இரண்டு மடக்கு நாற்காலிகளோடு வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். சினிமா பார்ப்பதுபோலச் செங்கல் ஏறுவதைப் பார்ப்பார்கள்.

கான்ட்ராக்ட் பேசின அன்றைக்கு என்னைவிடக் குறைத்துக் கேட்ட இன்னொரு மேஸ்திரியும் இருந்தார். சேஷாத்ரி சார் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "பொம்பளை ஆளுக்கு ஒரு நாளைக்கு என்னம்மா குடுக்கற?" அந்த மேஸ்திரி, அது உங்களுக்கு எதற்கு சார், வீடு எழும்பினால் போதாதா என்று சொல்லிவிட்டார். நான் கொடுத்துக்கொண்டிருந்தது இருபத்தைந்து. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்தைந்து என்றால், அப்புறம் என்னிடம் ஏன் இவ்வளவு கேட்கிறாய் என்பாரோ என்று பயமாகவும் இருந்தது. "முப்பத்தஞ்சு சார்" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லையே, ஆட்களை நன்றாக வைத்திருக்கிறாளே என்று அந்த அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. வேலை எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு வரும் வழியில் உனக்கு மைசூர் பாக் வாங்கி வந்தேன். அது எந்தப் பொய்யில் வாங்கியது என்று தெரியாமல் நீ தின்றாய்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் சுவர் எழும்பியது. தளம் போடுகிற நாள் வந்தது. இங்கே அதை மோல்டு போடுவது என்பார்கள், உனக்குத் தெரியும். வீடு கட்டுகிறவர்களுக்குக் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வருகிற திருவிழா அதுதான். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய காங்கிரீட்டும் புதிய காங்கிரீட்டும் சரியாகக் கூடாது, அந்தக் கோட்டில் ஆயுசு முழுக்க மழை ஒழுகும். காலை ஏழு மணிக்குக் கலவை மிஷினுக்குப் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து ஆரம்பித்தோம். தரையிலிருந்து சாரத்தின் வழியாக மேலே வரை பெண்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை சட்டி மாறிப் போவதைப் பார்த்தால் தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதுபோல இருக்கும். வரிசைக்குத் தலைவி மாதம்மா. என்னோடு ராமாபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவள், என்னைவிடப் பலசாலி, என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள். அவள் போடுகிற தாளத்துக்குத்தான் எல்லாக் கையும் ஆடும்.

பதினோரு மணிக்கு டீக்காக மிஷினைப் பத்து நிமிஷம் நிறுத்தினோம். பாதித் தளம் முடிந்திருந்தது. ஜயா அம்மா பெரிய தூக்கில் கேசரிபாத் கொண்டுவந்திருந்தார். சேஷாத்ரி சாருக்கு மனது நிறைந்து போயிருந்தது போலிருக்கிறது, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மேஸ்திரியம்மா உங்களுக்கு முப்பத்தஞ்சு குடுக்கறாங்க. இன்னிக்கு என் சந்தோஷத்துக்கு நான் அஞ்சு சேத்துத் தரேன். ஆளுக்கு நாப்பதா வாங்கிக்கோங்க."

 டீ உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பதினான்கு பேரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மாதம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, உதறி, தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கத்தவில்லை, திட்டவில்லை, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சும்மாட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து கொத்தனார் கலவை எங்கே என்று கேட்டார். மிஷின்காரப் பையன் கன்னடத்தில், "அக்கா, மிஷின் ஸ்டார்ட் மாட்லா, பேடவா?" என்று என்னைக் கேட்டான். போடவா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. சாமுண்டி மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

முதலில் நான் செய்தது இன்னொரு தப்பு. மாதம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்றைக்கு எல்லோருக்கும் முப்பத்தைந்தே கொடுத்துவிடுகிறேன், வீட்டுக்காரர் முன்னால் மானத்தை வாங்காதே, எழுந்திரு என்று காதோடு சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "இன்னைக்குக் குடுப்ப. நேத்து?"

 அப்புறம் அவளே மெதுவாகச் சொன்னாள். "நீ நாலு காசு அதிகம் எடுக்கறேன்னு எனக்கு வருத்தமில்ல. மெஷினு, வண்டி எல்லாம் நீதான பாக்கற. ஆனா அந்தப் பெரிய மனுசன் மூணு மாசமா எங்களை முப்பத்தஞ்சு ரூபா வாங்கற பொம்பளைங்கன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்காரு. நாங்க இருபத்தஞ்சு வாங்கிட்டு அவரு முன்னால நடந்துட்டிருக்கோம். எங்களை வெச்சு நீ பேரு வாங்கிட்ட."

செல்வி, எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த வயதுக்குள் பலரிடம் பல பேச்சு கேட்டிருக்கிறேன், எதுவும் இப்படி உள்ளே போனதில்லை. எழுந்தேன். மணல் குவியல்மேல் ஏறி நின்றேன், எல்லோருக்கும் தெரியட்டும் என்று. சேஷாத்ரி சார் ஒன்றும் புரியாமல் கேசரிபாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இவங்களுக்கு நான் குடுக்கறது இருபத்தஞ்சு" என்றேன்.

அவர் தட்டை நாற்காலியில் வைத்தார். "அப்ப மிச்சம்?" என்றார். கணக்கு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் வேறு என்ன கேட்பார்? எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் வாடகை, ஆட்களை அவர்கள் தங்கியிருந்த ஷெட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடுகிற வண்டி, மழை பெய்து வேலை நின்றால் கொடுக்கிற அரைக்கூலி, ஆணி குத்தின காலுக்கு டாக்டர். எல்லாம் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் எனக்கு நிற்கிறது என்றேன். அந்த மூன்றை அதுவரை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் விசாரித்தேன். அவர்கள் எல்லோரும் எனக்குப் பத்து ரூபாயாவது நிற்கிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நான் மறைத்து வைத்த உண்மை என்னைப் பற்றி அவர்கள் நினைத்ததைவிட நல்லதாக இருந்திருக்கிறது. இதைவிட முட்டாள்தனம் உண்டா, சொல்.

சேஷாத்ரி சார் சிரிக்கவில்லை. அந்த முப்பத்தைந்துக்காகத்தான் உனக்கு வேலை கொடுத்தோம் என்றார். என் ரேட்டுக்கு ஒத்துக்கொண்டதால் வாசலுக்குத் தேக்குக் கதவு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். ஜயா அம்மா நெடுநாள் ஆசைப்பட்ட கதவாம். அதைக் கேட்டதும் மணலில் என் கால் இன்னும் கொஞ்சம் புதைந்த மாதிரி இருந்தது. ஜயா அம்மாதான் வானத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைத் தொட்டார். அவரும் பார்த்தார். "கோவத்தை அப்புறம் படறேன். மொதல்ல மோல்டு" என்றார்.

மாதம்மா உட்கார்ந்தபடியே இரண்டு விஷயம் கேட்டாள். இனி முப்பது, இன்றைக்கு மட்டுமில்லை, எல்லா நாளும். இரண்டாவது, எந்த வீட்டுக்காரர் கூலி என்ன என்று கேட்டாலும் எங்களில் ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போதுதான் நீ பதில் சொல்ல வேண்டும். சரி என்றேன். முப்பது கொடுத்தால் எனக்கு என்ன நிற்கும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். மாதம்மா எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

அடுத்த நான்கு மணி நேரம் நடந்தது போல ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. போன நேரத்தைப் பிடிக்க வரிசையில் ஆள் போதவில்லை. நான் இறங்கினேன். இன்னும் ஒரு ஆள் குறைந்தது. சேஷாத்ரி சார் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் வந்து நின்றார். முதல் சட்டியில் பாதியைக் காலில் கொட்டிக்கொண்டார். மாதம்மா மேலேயிருந்து, "சாரு, சட்டியப் பாக்காதீங்க, அடுத்த கையப் பாருங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். பத்தாவது சட்டிக்கு அவருக்குத் தாளம் பிடிபட்டது. ரயில்வேயில் இருந்தபோது ஒரு ஆபீசர்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக வேலை சொல்லித் தந்ததில்லை என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. கோபமாகச் சிரித்தவர்கள், வெட்கப்பட்டுச் சிரித்தவர்கள், சிரிப்புக்காகவே சிரித்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். கடைசிச் சட்டி மேலே போய், கொத்தனார் மட்டப்பலகையை இழுத்து முடித்து, பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களில் செங்கல் வைத்தோம். அப்புறம்தான் மழை வந்தது. என்ன மழை. பக்கத்து வீட்டு போர்ட்டிகோவில் இருபது பேர் ஒண்டி நின்று, ஆறிப்போன கேசரிபாத்தை வழித்து வழித்துத் தின்றோம். அவ்வளவு ருசியான கேசரிபாத்தை நான் அப்புறம் தின்னவே இல்லை. சார் சொன்னபடி அஞ்சு ரூபாயையும் கொடுத்தார். எனக்கும் ஒரு அஞ்சு கொடுத்தார், சட்டி தூக்கினதற்கு.

அவர் கோபப்படவில்லை என்று நினைக்காதே. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் டைப் அடித்த ஒரு காகிதத்தோடு வந்தார். கூலி முப்பது, மிஷின் இவ்வளவு, வண்டி இவ்வளவு, மழை நாளுக்கு இவ்வளவு, மேஸ்திரிக்கு இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருந்தார். மேஸ்திரிக்கு என்ற இடத்தில் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதியிருந்தார், உன் பங்கை நீயே குறைத்துக்கொண்டால் அடுத்த பொய்க்கு அது வழி என்றார். இனி ரேட் கேட்கிறவர்களிடம் இதைக் காட்டு என்றார்.

காட்டினேன். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது இன்னொரு முப்பத்தைந்து ரூபாய்ப் பொய் ஆகிவிடும். நாலைந்து பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்தே வேலை கொடுத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லாட்ஜ் கட்டின ஒருவர் மட்டும் அதை நன்றாகப் படித்து, சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் என் ஆட்களில் ஆறு பேரை நேராகக் கூப்பிட்டு முப்பத்திரண்டு தருகிறேன் என்றார். போய்விட்டார்கள், அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. அன்று முழுக்க நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாம் நாள் அவருக்கு மிஷின் வரவில்லை, அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் மழை பெய்தது, பெண்கள் ஆறு பேரும் அரைக்கூலி கேட்டு அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஏழாம் நாள் ஸ்கூட்டரில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். பழத்தை நீதான் வாங்கி உள்ளே வைத்தாய். நான் மேஸ்திரிக்கு என்ற இடத்தில் ஒரு ரூபாய் கூட்டி எழுதிக் கொடுத்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நியாயமாகப் பார்த்தால் நான் உன் கம்பெனியின் பக்கம் பேச வேண்டியவள். இத்தனை வருஷம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கும் மிஷினும் மழை நாளும் இருக்கும். வேலை அமையாமல் நீ ஒன்றரை மாதம் சும்மா இருந்தபோது சம்பளம் கொடுத்தார்களே, அது அவர்களுடைய அரைக்கூலி. ஆனால் உன்னிடம் கையெழுத்து வாங்கி உன் வாயைக் கட்டியதில் எனக்குச் சம்மதமில்லை. சம்பளம் உன்னுடையது. அதைச் சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் உரிமை உன்னிடம் இருந்திருக்க வேண்டும். அதை நீ அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய், என் மகள்தானே. கொடுத்த வாக்கை ஒரு காபிக்காக மீற வேண்டாம். அதே சமயம் கூட்டியும் சொல்லாதே, கௌரவத்துக்காகச் சொல்கிற அந்தப் பத்து ரூபாயின் ருசி எனக்குத் தெரியும்.

அந்த மேடம் திரும்பக் கேட்டால், சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் கம்பெனியைக் கேளுங்கள் என்று நேராகச் சொல். அதில் வெட்கம் இல்லை. அதோடு, ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு கேள்வியும் கேள். உன்மேல் அக்கறையில் கேட்கிறாரா, உன்னை நேராக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரா, ரேட்டைக் குறைக்க வழி தேடுகிறாரா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். நான் சேஷாத்ரி சாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ஆட்களை நன்றாக நடத்துகிறவளிடம் வீடு கட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை என்று சொல்லியிருப்பார். நான் அன்றைக்கே முப்பது கொடுக்கிற மேஸ்திரி ஆகியிருப்பேன். அப்புறம் உன் கம்பெனிக்குப் போய், எனக்காக அந்த ஆபீஸ் உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று கேள். கோபமாகக் கேட்க வேண்டாம். மாதம்மா மாதிரி உட்கார்ந்து கேள். சொன்னால் உன் மதிப்பு உனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் கம்பெனியின் மதிப்பு தெரியும்.

மாதம்மாவும் மற்றவர்களும் அந்த மூன்று மாதத்துக் கூலி வித்தியாசத்தை என்னிடம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கொடுக்கிற நிலையில் இல்லை என்பது உண்மை, நிலை வந்தபோதும் கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. உனக்குப் புத்தி சொல்கிற அம்மா முழுசாகச் சுத்தமானவள் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். நம் தெருவில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பூக்காரம்மா கேட்கிறாள், ரேஷன் கடைக்காரர் கேட்கிறார், பெங்களூரில் மகளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று. நான் கெட்டிக்காரத்தனமாக, அதெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்ன தெரியுமா? எனக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, நீ சொல்லவே இல்லை. வாடிக்கைக்காரரிடம்தான் சொல்லக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இல்லையே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். முதல் கேள்வி அதுதான். பூத்தில் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, சத்தமாகச் சொல்.

உன் அம்மா